வரியைப் பேசிப் பார்த்தால் மெட்டு வரும்: பெங்களூரில் ஒரு தமிழ் பேண்டின் அனுபவம்

தமிழில் பேண்டு வைத்துச் சொந்தப் பாட்டு எழுத நினைக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: கித்தாரைக் கொஞ்ச நேரம் கீழே வையுங்கள். எழுதிய வரியை வாய்விட்டுப் பேசிப் பாருங்கள். அது எங்கே அழுந்துகிறது, எங்கே நீள்கிறது, எங்கே மூச்சு வாங்கச் சொல்கிறது என்று கவனியுங்கள். தாளமும் பாதி மெட்டும் அதற்குள்ளேயே இருக்கும். கித்தாரில் கார்டு (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) பிடித்து, ஆங்கிலப் பாட்டின் வடிவத்தில் ஒரு மெட்டைப் போட்டுவிட்டு, அதன் மேல் தமிழ்ச் சொற்களை அடுக்கினால் பாட்டு வரும்தான். ஆனால் கேட்கிறவருக்கு அது டப்பிங் செய்த மாதிரி இருக்கும். எங்கள் பேண்டு புதிய பாட்டுகளை எழுதிய விதமே இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

நாங்கள் ஐந்து பேர். அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு பழைய வீட்டு மாடியில் பயிற்சி. நான் பேஸ் கித்தார். வரிகளும் பெரும்பாலும் என்னுடையவை. பாடுகிற அக்கா கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவர். கீபோர்டு வாசிக்கும் தம்பி லிங்கராஜபுரத்தில் சர்ச் கொயரில் பாடி வளர்ந்தவன். கித்தார் வாசிப்பவர் காக்ஸ் டவுன். டிரம்மர் அண்ணன் மட்டும் கன்னடக்காரர், மாகடி ரோடு பக்கம். அவருக்குத் தமிழ் அரைகுறையாகத்தான் புரியும். ஆனால் எங்களிடம் இருக்கும் நல்ல சோதனைக் கருவியே அவர்தான். ஒரு வரியை நான் மெட்டில்லாமல் பேசிக் காட்டுவேன். அர்த்தம் தெரியாமலேயே, வெறும் ஓசையை வைத்து, முதல் அடி எங்கே விழ வேண்டும் என்று அவர் தொடையில் தட்டிவிட்டால் அந்த வரி தேறிவிட்டது என்று அர்த்தம். தடுமாறினால் வரியைத் திருத்துவோம், தாளத்தை அல்ல.

எங்கள் மேல் விழுந்த பாதிப்புகளைச் சொல்கிறேன். எங்கள் வயதுக்காரர்களுக்கு இந்த ஊரில் ராக் என்றால் ஆங்கிலம்தான். 2007-ல் அயர்ன் மெய்டன், 2011-ல் மெட்டாலிகா என்று பேலஸ் கிரவுண்ட்ஸில் நடந்த கச்சேரிகளைப் பற்றிப் பேசாத கித்தார்காரர் இங்கே அபூர்வம். 1996-ல் தொடங்கிய தெர்மல் அண்ட் எ குவார்ட்டர், இந்த ஊரில் சொந்தப் பாட்டுகளை வைத்தே ஒரு பேண்டு நிற்க முடியும் என்று காட்டியது. அகம் என்ற பேண்டு கர்நாடக ராகங்களை ராக்கோடு சேர்த்தது. ரகு தீக்ஷித், 19-ஆம் நூற்றாண்டுக் கன்னடக் கவி சிசுநாள ஷரீஃபின் பதங்களை எலக்ட்ரிக் கித்தாரோடு பாட, கன்னடம் தெரியாதவர்களும் கூடச் சேர்ந்து பாடினார்கள். ஊர்ப் பேச்சில் பாடினால் கூட்டம் வராது என்று யாராவது சொன்னால் நான் அவரைத்தான் உதாரணம் காட்டுவேன். அப்புறம் 2018 ஜனவரியில் சென்னையில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதன்முறையாக மேடை ஏறியது. கானாவும் பறையும் ராப்பும் ராக்கும் ஒரே மேடையில், எதைச் சொல்ல வேண்டுமோ அதைப் பூசி மெழுகாமல் சொன்னார்கள். எங்களில் பாதிப் பேர் ஆங்கிலத்தில் எழுதுவதை நிறுத்தியது அதற்குப் பிறகுதான்.

பேஸ் வாசிக்கிறவன் என்ற முறையில் இளையராஜாவைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் வாசிக்க வேண்டியதை ஸ்டாஃப் நொட்டேஷனில், அதாவது மேற்கத்திய இசைக்குறிகளில், எழுதிக் கொடுப்பவர் அவர். அதனால் அவர் பாட்டுகளில் பேஸ் வெறுமனே கார்டின் அடிச்சுரத்தைத் தட்டிக்கொண்டு இருக்காது. அதற்கென்று ஒரு தனி மெட்டு ஓடும். ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, பாடுகிறவரை விட்டுவிட்டு, பேஸை மட்டும் வாயால் பாடிப் பாருங்கள். சொற்கள் நெருக்கமாக வரும் இடத்தில் பேஸ் ஒதுங்கி நிற்கும்; குரல் ஒரு நெடிலில் நீண்டு நிற்கும்போது பேஸ் நடக்கத் தொடங்கும். எனக்கு இதைவிடப் பெரிய பாடம் வேறு கிடைத்ததில்லை. கித்தாரோ கீபோர்டோ வாசிக்கிறவர்களுக்கும் இதே பயிற்சியைச் சொல்வேன். எப்போது வாசிக்கக் கூடாது என்பதைப் பாட்டு வரிதான் சொல்லும்.

இவை தவிர, தெருவில் கேட்டது இருக்கிறது. அல்சூர் பூப்பல்லக்கு நாளில் நாதஸ்வரமும் தவிலும். செப்டம்பரில் சிவாஜிநகர் ஆரோக்கிய மாதா திருவிழாவில் ஜனங்கள் கும்பலாகப் பாடிக்கொண்டு போகும் பாட்டு. அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது பம்பை என்கிற இரட்டை மேளம். கன்னடத்தில் தமட்டே என்கிற, நம் பறைக்குத் தங்கை மாதிரியான வட்டத் தோல் கருவி. டிரம்மர் அண்ணனின் கை தமட்டேயில் பழகிய கை. மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ர நடை அவருக்கு யோசிக்காமல் வரும். நாங்கள் நான்கு நான்காக எண்ணிக்கொண்டு இருந்தபோது அவர் ஆறில் வாசித்துக் காட்டினார், எங்கள் வரிகள் எல்லாம் அதில் போய்ச் சட்டென்று உட்கார்ந்துகொண்டன.

இப்போது புதிய பாட்டுகளில் முதலாவது எப்படி உருவானது என்று விவரமாகச் சொல்கிறேன். அது ஒரு ரயில் பாட்டு. கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி இறுதியில் மூடப்பட்டன. 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளுக்கு, உள்ளூரில் வேலை இல்லாமல் போனது. அன்று முதல் ஆயிரக்கணக்கான பேர் விடிவதற்கு முன்பே மாரிக்குப்பத்தில் ரயில் ஏறிப் பெங்களூர் வந்து, காவல் வேலை, கடை வேலை, ஆபீஸ் துப்புரவு, ஐடி வேலை என்று பார்த்துவிட்டு இரவில் திரும்புகிறார்கள். இவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அந்த ரயிலைப் பற்றிப் பாட வேண்டும் என்பது அக்காவின் ஆசை.

நான் எழுதிக்கொண்டு போன முதல் வடிவம் 'விடியும் முன்னே புறப்பட்டு வேலைக்குச் செல்கிறது' என்று தொடங்கியது. இலக்கணம் சரி, எதுகை மோனையும் இருந்தது. அக்கா இரண்டு முறை பாடிப் பார்த்துவிட்டு, "தம்பி, எங்க வீட்ல யாரும் இப்படிப் பேச மாட்டாங்க. நாங்கல்லாம் எங்கப்பாவ ஞாயித்துக்கிழமைதான் வெளிச்சத்துல பாப்போம்" என்றார். அந்த வாக்கியத்தை வைத்துத்தான் பல்லவி வந்தது:

இருட்டுல கெளம்பி இருட்டுல திரும்புற அப்பா
வெளிச்சத்துல உன்ன நான் பாக்குறது எப்போ?

இதில் என்ன நடந்திருக்கிறது என்று பாருங்கள். பழைய வரி 'செல்கிறது' என்று முடிகிறது. கடைசியில் வரும் அந்தக் குறுகிய உகரத்தைப் பிடித்துக்கொண்டு எந்தப் பாடகராலும் நீட்டிப் பாட முடியாது. பல்லவியின் உச்சத்தில் குரல் நிற்க இடமே இல்லை. தமிழில் பல வினைச்சொற்கள் இப்படித்தான் முடியும். வாக்கியத்தை வினையில் முடிப்பது நமக்குப் பழக்கம் என்பதால், எழுதுகிற வரிகள் பலவும் 'து' மாதிரியான உகரத்தில் போய் நிற்கும். உச்சத்தில் நிற்க வேண்டிய இடத்தில் ஆ, ஏ, ஓ ஆகிய நெடில்கள் வருகிற மாதிரி வாக்கியத்தைத் திருப்பிப் போடுங்கள். விளிப்பதும் கேள்வி கேட்பதும் நல்ல வழிகள். புதிய பல்லவியில் 'அப்பா' ஆவில் நிற்கிறது, 'எப்போ' ஓவில் நிற்கிறது. அக்காவால் அங்கே எவ்வளவு வேண்டுமானாலும் நிற்க முடியும், கூட்டமும் சேர்ந்து பாட முடியும். இரண்டு சொல்லிலும் நடுவில் 'ப்ப' இருக்கிறது. அந்த வல்லின ஒற்றில் வாய் ஒரு கணம் மூடித் திறக்கிறது. டிரம்மர் அண்ணன் ஸ்நேர் டிரம்மை அங்கேதான் அடிக்கிறார். நான் சொல்லிக் கொடுக்கவில்லை, அவருக்கே அப்படித்தான் கேட்டது.

மோனையைப் பற்றியும் ஒன்று. ஆங்கிலப் பாட்டு கேட்டு வளர்ந்தவர்கள் வரியின் கடைசியில் ஓசை ஒத்துப்போவதைத் தேடுவார்கள். நம் மரபில் அதற்கு இயைபு என்று பெயர் உண்டு, தப்பில்லை. ஆனால் தமிழின் பலம் வரியின் தலையில் இருக்கிறது. மோனையும் எதுகையும் சீர் தொடங்கும் இடத்தில்தான் வரும்; தாளத்தின் முதல் அடி விழுவதும் அங்கேதான். இரண்டும் ஒன்றாக விழுந்தால் வரி தானாகவே நடக்கும். சரணத்தில் இப்படி எழுதினோம்:

கல்ல ஒடச்ச கையி இப்போ காவல் காக்குது கேட்டுல
மண்ணுல எறங்குன கூண்டு போயி மாடி ஏறுது லிஃப்டுல

க, கை, கா, கா, கே. ம, மா. அக்கா இதைப் பாடும்போது டிரம்ஸே வேண்டாம் என்று தோன்றும். கடைசியில் வருவது 'ல'. சரணம் நிற்காமல் ஓட வேண்டிய பகுதி என்பதால் அங்கே நெடில் தேவையில்லை, குறிலில் வெட்டிக்கொண்டு போவதுதான் அழகு. நிற்க வேண்டிய இடத்துக்கு ஒரு முடிவு, ஓட வேண்டிய இடத்துக்கு வேறு முடிவு என்று பிரித்துக்கொண்டதில் எங்கள் வேலை பாதியாகக் குறைந்தது.

கூண்டு என்பது சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் கூண்டு. இது அக்காவின் தாத்தா காலத்துக் கதை. இப்படிப்பட்ட விவரங்களை நாமாகக் கற்பனை செய்யக் கூடாது, கேட்டு வாங்க வேண்டும். அக்காவின் பெரியம்மா வீட்டில் உட்கார்ந்து ஒரு மதியம் முழுக்கப் பேசியதில் கிடைத்த ஊர்ப் பெயர்களும் வேலைப் பெயர்களும்தான் இந்தப் பாட்டின் உயிர். பாட்டின் நடுவில் மாரிக்குப்பம், சாம்பியன், உரிகாம், கோரமண்டல் என்று ஸ்டேஷன் பெயர்களை மட்டும் பாடுகிற ஒரு பகுதி இருக்கிறது. ரயில் வரும் வரிசையிலேயே. வரிசை மாறினால் தங்கவயல்காரர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

மெட்டு முதலில் வந்து வரி பிறகு வருவதும் உண்டு. கித்தார்காரர் கொண்டுவந்த ஒரு மெட்டு எல்லோருக்கும் பிடித்துப்போனது. அதற்குச் சினிமாக்காரர்கள் செய்கிற தத்தகாரத்தையே பின்பற்றினோம். 'தன்னானா தான தந்தானே' என்று முழுப் பாட்டையும் முதலில் பாடிப் பதிவு செய்தோம், குறில் எங்கே நெடில் எங்கே என்று அதிலேயே முடிவாகிவிடும். நம் ஆட்கள் பலர் இந்த இடத்தில் அர்த்தமில்லாத ஆங்கிலத்தைப் போட்டு முனகுவார்கள். அது வேண்டாம் என்பது என் திடமான கருத்து. ஆங்கில முனகலின் அழுத்தம் மெட்டுக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு எந்தத் தமிழ்ச் சொல்லும் அதில் நேராக உட்காராது. 'தன்னானா'வில் பாடினால் மெட்டு தமிழின் குறில் நெடிலுக்குள்ளேயே பிறக்கும். குறிலை மெட்டுக்காக இழுத்தால் சொல்லே மாறிப்போகும் என்பதையும் மறக்காதீர்கள். 'படு' என்று எழுதியதைக் கேட்கிறவர் 'பாடு' என்றுதான் எடுத்துக்கொள்வார்.

அந்த ரயில் பாட்டில் மூன்றாவது சரணம் கன்னடம். இதை நாங்கள் யாருக்கும் சமாதானம் சொல்வதற்காகச் செய்யவில்லை. ரயில் கண்டோன்மென்டில் வந்து நின்ற பிறகு அந்த அப்பா கன்னடம்தானே பேசப்போகிறார்? டிரம்மர் அண்ணன் எழுதினார். என் வரிகளை மொழிபெயர்க்க வேண்டாம், உங்கள் பக்கத்திலிருந்து நீங்கள் பார்ப்பதை எழுதுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். தினமும் காலையில் ஆபீஸ் வாசலில் தனக்குக் கேட் திறந்துவிடுகிற காவலாளியைப் பற்றி எழுதிக்கொண்டு வந்தார். அதே ஆளை இரண்டு மொழியும் இரண்டு பக்கத்திலிருந்து பார்க்கின்றன. எங்கள் பாட்டுகளில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது, என் வரி இல்லை என்றாலும்.

மேடையில் பாடும்போதும் கன்னடத்தில் வணக்கம் சொல்லி, பாட்டு எதைப் பற்றியது என்று கன்னடத்திலேயே இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டுத்தான் தொடங்குவோம். இந்த ஊரில் மொழி விஷயம் எவ்வளவு நுட்பமானது என்று பெங்களூர்த் தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலை 18 வருஷம் மூடிக்கிடந்து 2009-ல்தான் திறந்தது. அதே ஆகஸ்டில் சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலையும் திறக்கப்பட்டது. நாங்கள் பாடிய எந்த இடத்திலும் தமிழ்ப் பாட்டு என்பதற்காக யாரும் முகம் சுளித்ததில்லை. என்ன பாடுகிறோம் என்று முன்கூட்டியே சொன்னால் கன்னடக்காரர்கள்தான் முதலில் கை தட்டுகிறார்கள்.

ஒலிப்பதிவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டிரம்ஸுக்கு மட்டும் ஸ்டூடியோவுக்குக் காசு செலவழியுங்கள், மற்றவற்றை வீட்டில் செய்யலாம். பேஸை நேரடியாக ஆடியோ இன்டர்ஃபேஸில் (வாத்தியத்தைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) செருகிப் பதிவு செய்தால் தெருச் சத்தம் நுழையாது. குரலுக்கு அலமாரியும் கெட்டிப் போர்வைகளும் இருக்கும் படுக்கை அறை போதும். ஸ்ருதியைப் பாடுகிறவருக்குத் தகுந்த மாதிரி வையுங்கள். கித்தாரில் வாசிக்க வசதி என்று ஈ-யிலும் ஏ-யிலும் வைத்துவிட்டுப் பாடகியைக் கத்த வைப்பது பேண்டுகளில் சாதாரணமாக நடக்கிறது. கித்தார்க் கழுத்தில் மாட்டி ஸ்ருதியை மாற்றும் கேப்போ என்ற பொருள் எதற்கு இருக்கிறது? மிக்ஸிங்கில் குரலை நீங்கள் நினைப்பதைவிடக் கொஞ்சம் தூக்கியே வையுங்கள். ஒரு வரி புரியவில்லை என்றால் தமிழ்க் கேட்பவர் அடுத்த வரியைக் கவனிக்கமாட்டார்.

உரிமை விஷயம் மட்டும் பாட்டு வெளிவருவதற்கு முன்பே பேசி முடிக்க வேண்டியது. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் பாட்டு வரி தனிப் படைப்பு, மெட்டு தனிப் படைப்பு, ஒலிப்பதிவு தனிப் படைப்பு. முதல் இரண்டுக்கும் எழுதியவரின் ஆயுளும் அதற்குப் பின் 60 வருஷமும் பாதுகாப்பு. ஒலிப்பதிவுக்கு வெளியானதிலிருந்து 60 வருஷம். 2012 திருத்தத்துக்குப் பிறகு சினிமாவில் பயன்படுத்திய பாட்டுக்குக்கூட எழுதியவரின் ராயல்டிப் பங்கை ஒரேயடியாக எழுதி வாங்கிவிட முடியாது. நாங்கள் ஒவ்வொரு பாட்டுக்கும் யார் வரி, யார் மெட்டு, எவ்வளவு சதவீதம் என்று ஒரு தாளில் எழுதி ஐந்து பேரும் கையெழுத்துப் போடுகிறோம். ரயில் பாட்டின் பல்லவி அக்காவின் வாயிலிருந்து வந்தது, அதனால் வரியில் அவருக்கும் பங்கு. நண்பர்களுக்குள் எதற்கு என்று நினைக்க வேண்டாம், நண்பர்களாகவே இருப்பதற்குத்தான் இது. அப்புறம் எழுதுகிறவர்களும் மெட்டுப் போடுகிறவர்களும் ஐபிஆர்எஸ் என்ற ராயல்டி வசூல் சங்கத்தில் உறுப்பினராகிப் பாட்டைப் பதிவு செய்யுங்கள். மேடையிலும் ரேடியோவிலும் வாசிக்கப்படும் பாட்டுக்கான தொகை அங்கிருந்துதான் வரும்.

வெளியீட்டின்போது, பாட்டை ஸ்பாட்டிஃபை மாதிரியான தளங்களில் ஏற்றும் விநியோகஸ்தர் வழியாக ஒலிப்பதிவுக்கு ஐஎஸ்ஆர்சி என்ற 12 எழுத்து எண் கிடைக்கும்; அதைப் பத்திரமாகக் குறித்து வையுங்கள், பிறகு விநியோகஸ்தரை மாற்றினாலும் அதே எண்ணைக் கொடுத்தால்தான் பழைய கணக்கு தொடரும். ஸ்பாட்டிஃபையின் பிளேலிஸ்ட் குழுவுக்குப் பாட்டை அனுப்ப வேண்டுமானால் வெளியீட்டுக்கு 7 நாளாவது முன்னதாக அனுப்ப வேண்டும். நாங்கள் ஒரு மாதமே முன்னால் ஏற்றிவிடுகிறோம். பாட்டின் பெயரைத் தமிழ் எழுத்தில் கொடுங்கள், கூடவே ஆங்கில எழுத்தில் ஒரே ஒரு எழுத்துக்கூட்டலை முடிவு செய்து எல்லா இடத்திலும் அதையே போடுங்கள். பெயரில் ழகரம் இருந்தால் இது இன்னும் முக்கியம், ஆளுக்கு ஒரு விதமாகத் தேடுவார்கள்.

இந்தத் தொகுப்பில் ரயில் பாட்டைத் தவிர மூன்று பாட்டுகள் முடிந்துவிட்டன. ஒன்று செப்டம்பர்த் திருவிழாவுக்குச் செருப்பில்லாமல் நடந்து வருகிறவர்களைப் பற்றியது. கொயர் தம்பி அதில் நான்கு குரல்களை அடுக்கியிருக்கிறான், கித்தாரே கிடையாது. இன்னொன்று தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் தெருவைப் பற்றி. 2024 கோடையில் ஊரே குடத்தோடு நின்றபோது எழுதியது, வேகமான பாட்டு. மூன்றாவது, கித்தார்காரரின் மெட்டுக்குத் தத்தகாரத்தில் எழுதிய காதல் பாட்டு. மழைக்காலம் முடிந்ததும் வெளியிடுகிறோம். முதலில் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில் பாடிவிட்டு அப்புறம்தான் பெங்களூர் மேடை என்று முடிவு செய்திருக்கிறோம். ரயில் பாட்டு சரியா தப்பா என்று சொல்லும் உரிமை அந்த ஊர் ஜனங்களுக்குத்தான் முதலில் இருக்கிறது.

ஐந்தாவது பாட்டில் பம்பை வேண்டும். சாம்பிள் வைத்துச் செய்ய எங்களுக்கு மனமில்லை. கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் பம்பை வாசிக்கிறவர்களை நேரில் போய்ப் பார்க்கப்போகிறோம், வாசிப்புக்கான சம்பளத்தோடு பாட்டில் பெயரும் பங்கும் தருவது என்று பேசி வைத்திருக்கிறோம். பம்பையின் இரண்டு உருளைகளையும் தனித்தனி மைக்கில் பதிவு செய்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால், மைக்கை எவ்வளவு தள்ளி வைத்தீர்கள் என்று சொல்லுங்கள். அடுத்த வேலை எங்களுக்கு அதுதான்.